தேடலில் தெரிய எதைத் தேர்வது? நன்னிலம் வட்டார இணையதளங்களுக்கு ஒரு வழிகாட்டி

இணையதளம் தேடலில் பின்தங்கக் காரணமாகும் பிழைகளில் பெரும்பாலானவை, தளத்தைத் தொடங்கும்போதே எடுக்கும் சில முடிவுகளில் வேர்கொண்டவை. எந்த மொழியில் எழுதுவது, ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது, எத்தனை பக்கம் போடுவது, யாரிடம் பணம் கொடுப்பது என்பவை அந்த முடிவுகள். திருவாரூர் மாவட்டம் நன்னிலம் வட்டாரத்தில் தளம் வைத்திருப்போரைப் பெரும்பாலும் இரு வகையாகப் பிரிக்கலாம். விதைநெல்லும் பாரம்பரிய அரிசியும் விற்பவர் ஒரு வகை. ஸ்ரீவாஞ்சியம், திருமீயச்சூர், கூத்தனூர் கோயில்களுக்கு வருவோரை நம்பியிருக்கும் விடுதி, வாடகைக் கார், உணவகம் நடத்துபவர் இன்னொரு வகை. முதலாமவரின் வாடிக்கையாளர் சென்னையிலோ கோவையிலோ வீட்டில் உட்கார்ந்து தேடுகிறார். இரண்டாமவரின் வாடிக்கையாளர் பூந்தோட்டம் ரயில் நிலையத்தில் இறங்கி, கையில் செல்போனுடன் தேடுகிறார். ஒருவருக்கு ஏற்ற தேர்வு மற்றவருக்குப் பிழையாகிவிடும்.

முதல் கேள்வி, இணையதளமே வேண்டுமா, கூகுள் மேப்பில் வணிகப் பதிவு போதுமா என்பது. விடுதிக்கும் உணவகத்துக்கும் பதிவுதான் முதலில். அருகிலுள்ள கடைகளைக் காட்டும்போது கூகுள் பொருத்தம், தூரம், பெயர்பெற்ற நிலை ஆகிய மூன்றையும் பார்ப்பதாகச் சொல்கிறது. இதில் தூரத்தை எந்தத் தளமும் மாற்ற முடியாது. ஆகவே சரியான இடக்குறி, திறக்கும் நேரம், எடுக்கப்படும் தொலைபேசி எண், உண்மையான படங்கள் ஆகியவை பத்துப் பக்கத் தளத்தைவிட அதிகம் உதவும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, கடைப் பெயரோடு 'பெஸ்ட் லாட்ஜ், கூத்தனூர் சரஸ்வதி கோயில் அருகில்' என்று வால் சேர்ப்பது. பலகையில் உள்ள பெயரைத் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்பது கூகுளின் விதி. மீறினால் பதிவே முடக்கப்படலாம். தள்ளுபடி தருவதாகச் சொல்லி நல்ல விமர்சனம் எழுத வைப்பதும் அதே ஆபத்தைக் கொண்டது. அரிசி விற்பவர் நிலைமை வேறு. சென்னையிலிருந்து 'தூயமல்லி அரிசி' என்று தேடுபவருக்கு நன்னிலத்தின் இடக்குறி பெரிதும் பயன்படாது. அவரிடம் போய்ச் சேர நல்ல பக்கங்கள் கொண்ட தளம்தான் வேண்டும்.

தளம் என்று முடிவானபின், இலவச முகவரியா சொந்த டொமைனா என்ற கேள்வி வருகிறது. வணிகப் பதிவோடு இலவசமாகத் தளம் கட்டித்தரும் வசதியைக் கூகுளே வைத்திருந்தது. 2024 மார்ச்சில் அதை மூடியது. பழைய முகவரிக்கு வந்தவர்களைச் சில மாதம் பதிவின் பக்கம் திருப்பிவிட்டு, பிறகு அதையும் நிறுத்தியது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் அரிசிப் பையிலும் அச்சடித்தவர்களுக்கு அது வெற்று எழுத்தாகிப்போனது. சொந்த டொமைனுக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவு சிறிது. இடத்தை மாற்றினாலும் பெயர் கூடவே வரும். '.இந்தியா' என்று முடியும் தமிழ் முகவரிகளும் கிடைக்கின்றன, பெருமைக்குரியவைதான். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் கணினிக்குள் மூன்று பைட் இடம் பிடிக்கும். தமிழில் அமைந்த பக்க முகவரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டும்போது, பல சமயம் ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து வீதம் சதவீதக் குறிகளாக நீண்டு, வாசிப்பவரை மிரட்டும். முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொண்டு, தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழில் தருவது இன்றைய நிலையில் நடைமுறைக்கு ஏற்றது.

மொழியில் மூன்று வழிகள் உண்டு: தமிழ் மட்டும், ஆங்கிலம் மட்டும், இரண்டும். விதைநெல் தேடும் உழவருக்கான பக்கம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது வாடிக்கையாளரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது. ஸ்ரீவாஞ்சியத்துக்கு வரும் பெங்களூர்க் குடும்பத்துக்குத் தமிழ்ப் பக்கம் மட்டும் போதாது. இரண்டும் வேண்டுமென்றால் ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி கொடுத்து, ஒன்றுக்கொன்று எச்ரெஃப்லாங் குறிப்பால் இணைப்பது சரியான முறை. அந்தக் குறிப்பு இரு பக்கத்திலும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் கணக்கில் வராது. வருபவரின் நாட்டை அறிந்து தானாகவே மொழியை மாற்றிவிடும் ஏற்பாடு வசதியாகத் தோன்றும், ஆனால் கெடுதல் செய்யும். பக்கங்களைப் படித்துப் போகும் கூகுளின் நிரல் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அதற்கு ஆங்கிலப் பக்கம் மட்டுமே கண்ணில் படும். தமிழ்ப் பக்கம் இருப்பதே தெரியாமல் போகலாம். ஒரே பக்கத்தில் ஒரு பத்தி தமிழ், ஒரு பத்தி ஆங்கிலம் என்று கலப்பதும் இரு வாசகருக்கும் பயனற்றது.

காவிரி டெல்டாவின் தளங்கள் அதிகம் இழப்பது ஊர்ப் பெயரில்தான். தஞ்சாவூருக்கே ஆங்கிலத்தில் குறைந்தது இரண்டு எழுத்துமுறை புழங்குகிறது. திருவாரூரை எச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள். 2020இல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. ஜூன் மாதத்தில் அது பொதுவெளிக்கு வந்ததும் எழுந்த விமர்சனத்தால், சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசாலேயே ஒன்றாக்க முடியாததைத் தள உரிமையாளர் ஒருவர் ஒன்றாக்க முடியாது. மக்கள் அதிகம் எழுதும் வடிவத்தைத் தலைப்பில் வைத்து, மற்றொரு வடிவத்தை உடலில் இயல்பாக ஓரிடத்தில் சொல்வது போதும். எல்லா வடிவங்களையும் பக்கத்தின் அடியில் வரிசையாகக் கொட்டுவது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்பது இரண்டும் கூகுள் தண்டிக்கும் செயல்கள். ஊர்ப் பெயரே இரண்டு இடங்களைக் குறிக்கும் சிக்கலும் உண்டு. குரு தலமான ஆலங்குடி திருவாரூர் மாவட்டம் வலங்கைமான் வட்டத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னொரு ஆலங்குடி இருக்கிறது, அது சட்டமன்றத் தொகுதியும்கூட. குருப்பெயர்ச்சிக்குக் கார் ஓட்டுபவரின் பக்கத்தில் மாவட்டமும் அருகிலுள்ள கும்பகோணமும் இல்லாவிட்டால், பக்கம் எந்த ஊரைப் பற்றியது என்பது தேடுபொறிக்கும் தெளிவாகாது, பயணிக்கும் தெளிவாகாது.

தமிழிலேயே எழுதினாலும் எழுத்துக்குள் குழி இருக்கிறது. ஸ்ரீவாஞ்சியம் என்ற பெயரின் முதல் எழுத்தை இரண்டு வகையாகக் கணினியில் பதியலாம்: 'ஸ'வில் தொடங்குவது ஒன்று, 2005இல் ஒருங்குறியில் (யூனிகோட்) சேர்க்கப்பட்ட 'ஶ'வில் தொடங்குவது மற்றொன்று. திரையில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வேறு குறியீடுகள். இதோடு திருவாஞ்சியம் என்ற பழம்பெயரும் வழக்கில் உள்ளது. கௌரி என்ற பெயரை ஔகாரக் குறியால் எழுதாமல் 'கெ', 'ள' என்று தனித்தனியாகத் தட்டுவதும் இதே வகைப் பிழை. இத்தகைய வேறுபாடுகளைத் தேடுபொறி எப்போதும் ஒன்றாக்கிவிடும் என்று நம்பியிருக்க வேண்டியதில்லை. தளம் முழுவதும் ஒரே பதிவுமுறையைக் கடைப்பிடிப்பது உரிமையாளரின் கையில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு பழைய எழுத்துருக்களால் வருகிறது. டிடிபி கடைகளில் பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்த விலைப்பட்டியல், கோப்புக்குள் பொருளற்ற எழுத்துக் கோவையாகத்தான் இருக்கும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே தமிழாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அழைப்பிதழ், துண்டறிக்கை வேலைகளில் பழைய முறை தொடர்கிறது, அங்கிருந்து அப்படியே இணையதளத்துக்கும் வந்துவிடுகிறது. இழப்புக்கு இன்னொரு வழி, ஃபிளெக்ஸ் பேனருக்குச் செய்த வடிவத்தை ஒரே படமாகத் தளத்தில் ஏற்றிவிடுவது. அறை வாடகை, அரிசி விலை, தொலைபேசி எண் எல்லாம் படத்துக்குள் இருந்தால், தேடுபொறி அதை எழுத்தாகப் படித்து வரிசைப்படுத்தும் என்பது நிச்சயமில்லை. தொட்டு அழைக்கவும் முடியாது. படம் அழகுக்கு இருக்கலாம். செய்தி ஒருங்குறி எழுத்தில் இருக்க வேண்டும், படத்துக்கும் ஒரு வரி விளக்கம் வேண்டும்.

எத்தனை பக்கம் என்ற கேள்வியில் ஆசை அறிவை முந்துகிறது. 'பேரளத்தில் கார் வாடகை', 'பூந்தோட்டத்தில் கார் வாடகை', 'சன்னாநல்லூரில் கார் வாடகை' என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே வாசகத்தை ஐம்பது பக்கமாக்குவது பலருக்குச் சொல்லித்தரப்படும் உத்தி. தேடுபொறிக்காக மட்டும் கட்டிய இத்தகைய வாசல் பக்கங்களுக்காக 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மானியத் தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. ஓர் ஊருக்குத் தனிப் பக்கம் வேண்டுமானால், அந்த ஊருக்கு மட்டுமே பொருந்தும் செய்தி இருக்க வேண்டும்: எந்த ரயிலுக்குக் கார் காத்திருக்கும், கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்தும், அதற்கு முன் எந்தக் கோயிலைப் பார்த்துவிடலாம். அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் எல்லா ஊர்களையும் ஒரே பக்கத்தில் சொல்வதே மேல்.

பருவம் சார்ந்த பக்கங்களுக்கும் இதே பொருந்தும். கூத்தனூரில் விஜயதசமிக்கும், ஸ்ரீவாஞ்சியத்தில் கார்த்திகை ஞாயிறு தீர்த்தவாரிக்கும் ஆண்டுதோறும் கூட்டம் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் புதுப் பக்கம் போட்டால், பழைய பக்கம் சேர்த்த இணைப்பும் மதிப்பும் பழைய முகவரியிலேயே தங்கிவிடும். முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல் ஒரே பக்கத்தை வைத்து, தேதியையும் வாடகையையும் மட்டும் புதுப்பிப்பது நல்லது. அதையும் விழாவுக்கு முந்தின வாரம் செய்யாமல், ஒன்றிரண்டு மாதம் முன்பே செய்தால்தான் பலன் கிடைக்கும்.

உள்ளடக்கத்தை யார் எழுதுவது? கருப்புக் கவுனி அரிசியின் மருத்துவ குணங்கள் பற்றி ஒரே வாசகம் எண்ணற்ற தளங்களில் கிடக்கிறது. அதையே செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு இன்னொரு முறை எழுதி வாங்குவதால் பயன் ஒன்றும் இல்லை. பயனின்றித் திரளாக உண்டாக்கிய பக்கங்களை, எந்த முறையில் உண்டாக்கினாலும், முறைகேடாகவே கருதுவோம் என்று 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. நன்னிலத்து வியாபாரியிடம் இணையத்தில் எளிதில் கிடைக்காத அறிவு இருக்கிறது. ஏடிடி 43 நெல் சுமார் 110 நாளில் குறுவைக்கு வந்துவிடும், சிஆர் 1009 சம்பாவில் 155 நாளுக்கு மேல் நிற்கும் என்பது யாரும் எடுத்து எழுதக்கூடிய செய்தி. தன் வயலில் எந்த மடையில் எது சாய்ந்தது, எந்த அரிசியை எத்தனை மணி நேரம் ஊறவைத்தால் இட்லி மாவுக்குச் சரிவரும், சென்ற ஆண்டு மழையில் எந்த விதை தாக்குப்பிடித்தது என்பவை அவர் ஒருவரால் மட்டுமே எழுத முடிந்தவை. தேடி வருபவர் அவருடைய பக்கத்தில் நின்று படிப்பதும், பிறருக்கு அனுப்புவதும் அதனால்தான். மொழிநடை சற்று முன்பின்னாக இருந்தாலும் கெடுதல் இல்லை.

பிற தளங்களிலிருந்து வரும் லிங்க்குகளில் விலைக்கு வாங்குவது, ஈட்டுவது என்று இரு வழி. 'ஆயிரம் பேக்லிங்க்' என்று தொகுப்பாக விற்பவர்கள் இருக்கிறார்கள். 2012 ஏப்ரலில் கூகுள் கொண்டுவந்த பெங்குவின் மாற்றத்துக்குப் பின் அத்தகைய இணைப்புகள் பயனற்றவையாகவும், சில நேரம் தீங்காகவும் ஆயின. ஈட்டும் வழி மெதுவானது, உள்ளூர்க்காரருக்கு ஏற்றது. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடத்திவந்தது போன்ற நெல் திருவிழாக்களில் பங்கேற்பது, தஞ்சை நாளிதழ்ப் பதிப்பில் வரும் செய்தி, விருந்தினர் எழுதும் பயணக் குறிப்பு ஆகியவற்றிலிருந்து வரும் பத்து லிங்க் போதுமானது.

தொழில்நுட்பத்தில் கவனிக்க வேண்டியவை சிலவே. 2023 அக்டோபரோடு கூகுள், தளங்களின் செல்போன் வடிவத்தையே அடிப்படையாகக் கொள்ளும் மாற்றத்தை முடித்ததாக அறிவித்தது. ஆகவே கணினியில் மட்டும் அழகாக இருக்கும் தளம் பாதிதான் முடிந்தது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். கல்யாண மண்டபத்தின் கேமராப் படங்களைச் சுருக்காமல் ஏற்றினால் அது நடக்காது. தளம் கட்டும்போது வேர்ட்பிரஸ்ஸில் 'தேடுபொறிகள் வரவேண்டாம்' என்று போட்ட டிக்கை எடுக்க மறப்பது அடிக்கடி நடக்கிறது. மாதக்கணக்கில் தளம் தெரியாமல் கிடக்க அதுவே போதும். முக்கியச் சொற்களுக்கான 'கீவேர்ட்ஸ்' குறிச்சொல்லை நிரப்பித்தரப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

விளம்பரமா, எஸ்.இ.ஓ.வா (தேடுபொறி உகப்பாக்கமா) என்பதற்கு விடை காலத்தைப் பொறுத்தது. விஜயதசமிக்கு மூன்று வாரம் இருக்கையில் அறைகள் நிரம்ப வேண்டுமென்றால் கூகுள் விளம்பரம்தான் வழி. பணம் நின்றால் அதுவும் நிற்கும். விளம்பரத்துக்குச் செலவழித்தால் சாதாரணத் தேடலில் இடம் உயரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆண்டு முழுதும் விற்கும் அரிசிக்கு எஸ்.இ.ஓ. பொருந்தும். அதன் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்று கூகுளே கூறுகிறது. முதலிடத்துக்கு உத்தரவாதம் தரும் நிறுவனத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அதன் அறிவுரைதான். ஆள் வைத்துச் செய்வதானால் டொமைன், வணிகப் பதிவு, கூகுளின் சர்ச் கன்சோல் மூன்றும் உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும். செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுக்கலாம். பிணக்கு வந்து பிரியும்போது தளமும் அவரோடு போய்விடும் அவலம் இதனால் தவிரும்.

இலவசமாகக் கிடைக்கும் சர்ச் கன்சோல், எந்தச் சொல்லைத் தட்டியவர்களுக்குத் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதைப் பதினாறு மாதம் வரை காட்டும். தளத்தை மாற்றியமைப்பதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்த்து, ஆட்களைக் கொண்டுவரும் பக்கங்களை அடையாளம் கண்டு, முகவரி மாறினால் பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பம் வைக்க வேண்டும். காட்டப்பட்டும் யாரும் தொடாத பக்கங்களில் முதலில் மாற்ற வேண்டியது தலைப்பு.