களைப்பு சோம்பல் அல்ல: இரத்தசோகையும் நமது உணவும்



சில ஆண்டுகளுக்கு முன் மாதனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி ஜெபத்திற்காக எங்களிடம் வந்தார். ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஆறு மாதக் கர்ப்பிணி. "ஐயா, காலையில் எழும்பவே முடியவில்லை. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். என் விசுவாசம் குறைந்துவிட்டதோ?" என்று அழுதார். நாங்கள் ஜெபித்து, ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டோம். வாசலில் நின்ற சிஸ்டர்தான் அவரை நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 6 கிராம். கர்ப்பிணிக்கு 11 கிராமாவது வேண்டும்.

அன்று வெட்கப்பட்டோம். சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது போதனை அல்ல, அடையும் தண்ணீரும்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதைப் பிரசங்கித்த நாங்கள் அதைச் செய்ய மறந்தோம்.

இது ஒரு சகோதரியின் கதை மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் இந்தியாவில் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் 53 பேருக்கும் இரத்தசோகை உள்ளது.

இதன் காரணத்தைத் தேடி 1928-இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர் டாக்டர் லூசி வில்ஸ் அம்மையார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் கடும் இரத்தசோகையால் வாடினார்கள். 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணி தொடர்ந்தது. இந்நோய் தொற்று அல்ல, உணவுக் குறைவு என்று கண்டார். விலை மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அந்தத் தாய்மார் தேறினார்கள். அதிலிருந்த சத்து 1941-இல் பசலைக்கீரை இலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்து இலவசமாகக் கொடுக்கப்படும் மாத்திரையில் இருப்பது இதுவே.

நாம் கற்க வேண்டியவை:

1. இரத்தம் ஊற மூன்று சத்துக்கள் முக்கியம். இரும்பு: ஈரல், கறி, மீன், கேழ்வரகு, பயறு, கீரை. போலிக் அமிலம்: கீரை, பயறு வகைகள். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் சத்தும் போய்விடும். பி12: பால், முட்டை, மீன், கறி. கீரையிலும் தானியத்திலும் பி12 இல்லை.

2. கீரை, பயற்றிலுள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேராது. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா கூட இருந்தால் சேரும். சாப்பாட்டோடு டீயோ காப்பியோ குடித்தால் தடைபடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

3. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும். பயந்து நிறுத்த வேண்டாம். வயிறு புரட்டினால் உணவுக்குப் பின் சாப்பிடலாம். பாலோடும் டீயோடும் வேண்டாம்.

4. வெறுங்காலோடு நடப்பவருக்குக் கொக்கிப்புழு தொற்றும். அது குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சும். நாட்டுக்கெல்லாம் செருப்புத் தைக்கும் ஊரில் நம் பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கலாமா?

5. பரிசோதிக்காமல் கடையில் டானிக் வாங்காதீர்கள். பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தெரியும். நரம்போ உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

அந்தச் சகோதரியை அன்றே வார்டில் சேர்த்து, இரும்புச்சத்தை ஊசிவழி ஏற்றினார்கள். மாமியாரையும் அழைத்து மருத்துவர் விளக்கினார். அதன்பின் வீட்டில் யாரும் அவரைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. அந்த அம்மாவே தினமும் முருங்கைக்கீரை ஆய்ந்து சமைத்துக் கொடுத்தார். சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம்.

பிரியமானவர்களே, அவரைப்போன்ற தாய்மாரின் பரிசோதனைக்கும் மருந்துக்கும் உங்கள் காணிக்கைகள் உதவுகின்றன. இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் சபையிலோ வீட்டிலோ எப்போதும் களைத்திருக்கும் ஒரு பெண்ணைக் கண்டால், கடிந்துகொள்ளாமல், கைபிடித்துப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். வழியில் ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்