முளையத்தைத் தொடாமல் நிறமூர்த்தங்களைச் சோதித்தல்

பரிசோதனைக் குழாய்க் குழந்தை பற்றிய வினாவுக்கு உங்களிற் பலர் கருக்கட்டலோடு விடையை நிறுத்திவிடுகிறீர்கள். பல முளையங்கள் கிடைத்தால் எதனைக் கருப்பையில் வைப்பது? இதற்கான விடையையே இங்கு கற்கப் போகிறோம்.

1. அடிப்படை
மனித உடற்கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் (23 சோடி) உள்ளன. சூலிலும் விந்திலும் 23 வீதம் உண்டு. ஒடுக்கற்பிரிவில் ஒரு சோடி பிரியத் தவறினால் முளையத்தில் ஒன்று கூடும் அல்லது குறையும். தாயின் வயது கூடும்போது இத்தவறும் கூடுகிறது. இத்தகைய முளையங்களுட் பல கருப்பையிற் பதிவதில்லை. பதிந்தாலும் பல கருச்சிதைவில் முடியும். 21ஆம் நிறமூர்த்தம் மூன்றாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம் ஏற்படும்.

2. வழக்கமான முறை
முதலாவது பரிசோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுண் 1978இல் இங்கிலாந்திற் பிறந்தார். இம்முறையை உருவாக்கிய ரொபேட் எட்வேர்ட்ஸ் 2010இல் நோபல் பரிசு பெற்றார். இன்று 5ஆம் அல்லது 6ஆம் நாள் முளையத்தில், பின்னர் சூல்வித்தகமாகும் வெளிப்படையிலிருந்து சில கலங்களை வெட்டியெடுத்துச் சோதிப்பர். இதற்குச் செலவும் தேர்ச்சியும் வேண்டும். முளையம் ஊறுபடலாம் என்ற அச்சமும் உண்டு.

3. ஊறுபடுத்தாத உயிர்க்குறிகாட்டிகள்
(அ) வளர்ப்பூடகம்: முளையம் தான் வளரும் திரவத்தில் சிறிதளவு டி.என்.ஏ.யை வெளிவிடுகிறது. அதனைப் பெருக்கி நிறமூர்த்த எண்ணிக்கையை மதிப்பிடலாம். சீன ஆய்வாளர்கள் 2016இல் இத்தகைய ஆய்வொன்றை வெளியிட்டனர்.
(ஆ) தொடர் படப்பிடிப்பு: கலப்பிரிவு நடைபெறும் நேரங்களைக் கமெரா பதிவு செய்யும். இது நிறமூர்த்தங்களை எண்ணுவதில்லை. சந்தேகத்தை மட்டுமே காட்டும்.

4. குறைபாடுகள்
• கிடைக்கும் டி.என்.ஏ. மிகக் குறைவு, சிலவேளை முடிவே கிடைக்காது.
• சூலைச் சூழ்ந்திருந்த தாயின் கலங்களின் டி.என்.ஏ. திரவத்திற் கலக்கலாம்.
• ஒரே முளையத்தில் சரியான கலங்களும் பிழையான கலங்களும் கலந்திருக்கலாம். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது இங்கு பொருந்தாது. வெட்டியெடுக்கும் முறைக்கும் இக்குறை உண்டு.

மாதிரி வினா: தாயின் டி.என்.ஏ. கலந்தால் முடிவு எவ்வாறு பிழைக்கும்?
விடை: தாயின் கலங்களில் 46 நிறமூர்த்தங்கள் இருப்பதால், குறைபாடுள்ள முளையமும் சரியானது போலத் தோன்றும். ஆண் முளையம் பெண் முளையமாகவும் காட்டப்படலாம்.

நினைவிற் கொள்க: குறிகாட்டி என்பது தீர்ப்பன்று. பல ஆண்டுகள் காத்திருந்த தம்பதியருக்கு ஒரேயொரு முளையம்தான் கிடைத்திருக்கலாம். பிழையான முடிவை நம்பி அதனை ஒதுக்கினால் அவர்களது குழந்தை வாய்ப்பே இழக்கப்படும். ஆகவே விடை எழுதும்போது நன்மைகளோடு நிறுத்தாது, குறைபாடுகளையும் எழுதுங்கள். முழுப் புள்ளியும் அப்போதுதான் கிடைக்கும்.