இல்லத்து மின்சாரமும் சிக்கனமும்

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. வேண்டுவதை வேண்டிய அளவில் நுகர்ந்து வீண்செலவை விலக்குதல் சிக்கனம்; வேண்டுவதையும் நுகராது விடுதல் உலோபம். அரிசி, சீனி முதலியவற்றைக் கண்ணாற் கண்டு கையால் அளக்கின்றோமாதலின், அவற்றில் இவ்வேற்றுமை எளிதிற் புலனாகின்றது. மின்சாரமோ கண்ணுக்குத் தோன்றாது. அதனால், கண்ணுக்குத் தோன்றும் விளக்கின் மேலேயே பழியனைத்தையும் சுமத்திவிடுகின்றோம். மாத முடிவில் மின்பட்டியலைக் கண்டு மனங்கலங்கிய தந்தையார், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் விளக்கை அணைக்கச் சொல்லும் வீடுகள் பல. அங்ஙனம் அணைத்தல் சிக்கனமோ உலோபமோ என்பதைக் கணக்கிட்டு அறிதலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

அலகு என்பது யாது?

மின்மானி காட்டும் ஓர் அலகு ஒரு கிலோவாற்று-மணியாகும். ஆயிரம் வாற்று வலுவுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினாற் செலவாகும் சக்தி அது. நீராவி இயந்திரத்தைச் செப்பஞ்செய்த ஸ்கொத்லாந்து அறிஞர் ஜேம்ஸ் வாற் (1736–1819) என்பாரின் நினைவாக இப்பெயர் வழங்குகின்றது. வலுவையும் சக்தியையும் ஒன்றென மயங்குதல் ஆகாது. தோட்டத்து வாய்க்காலில் நீர் பாயும் விரைவு வலுவை ஒக்கும். பாய்ந்து பாத்தியில் நிறைந்த நீரின் அளவு சக்தியை ஒக்கும். நாம் பணம் கொடுப்பது பாத்தியில் நிறைந்த நீருக்கே. ஆகவே, கருவியின் வாற்றை அஃது இயங்கிய மணிகளாற் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் செலவான அலகுகள் பெறப்படும். எட்டாந் தரத்துப் பிள்ளையும் செய்யத்தக்க கணக்கு இது.

விளக்கின் கணக்கு

இக்காலத்து எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று 9 வாற்று வலுவுடையது எனக் கொள்வோம். மாணவன் ஒருவன் நாள்தோறும் 4 மணி நேரம் வீதம் 30 நாள் படித்தால், 9 × 4 × 30 = 1,080; அதாவது ஓர் அலகுக்குச் சற்று மேல். பழைய இழைமின்குமிழ் 60 வாற்றுடையதாயின், அதே படிப்புக்கு 7 அலகுக்கு மேற் செலவாகும். இனி மின்னழுத்தியைப் பாருங்கள். 1,000 வாற்று மின்னழுத்தி ஒரு மணி நேரம் இடையறாது சூடேறினால் ஓர் அலகு செலவாகும். பிள்ளை ஒரு மாதம் முழுதும் படித்த விளக்கின் செலவும், மின்னழுத்தி ஒரு மணி நேரம் சூடேறிய செலவும் ஏறத்தாழ ஒன்றே! படிக்கும் விளக்கை அணைத்தல் உலோபத்தின் பாற்படும். பழைய மின்குமிழை மாற்றுதலே சிக்கனம்.

ஒளி, இயக்கம், வெப்பம்

இல்லத்துக் கருவிகளை ஒளி தருவன, இயங்குவன, வெப்பம் தருவன என மூவகைப்படுத்தலாம். பெரும்பாலும் ஒளிக்குச் செலவு சிறிது, இயக்கத்திற்கு நடுத்தரம், வெப்பத்திற்குப் பெரிது.

வெப்பத்தை முதலிற் கொள்வோம். அறையின் வெம்மையிலுள்ள 12 லீற்றர் நீரைக் கொதிக்க வைப்பதற்கு ஏறத்தாழ ஓர் அலகு வேண்டும். இருவர்க்குத் தேநீர் வைக்க அரை லீற்றர் நீர் போதுமாயிருக்க, மின்கேத்தலில் ஒன்றரை லீற்றரை நிரப்பிக் கொதிக்க வைப்போர் மும்மடங்கு செலவு செய்கின்றனர். பயறு, கடலை முதலியவற்றை முதனாளிரவே ஊறவைத்தலும், பாத்திரத்தை மூடிச் சமைத்தலும், மின்சாரத்திற்கு மட்டுமன்றி எரிவாயுவுக்கும் விறகுக்கும் பொருந்தும் சிக்கனங்களாம். பாடசாலைச் சீருடையை நாள்தோறும் ஒவ்வொன்றாக அழுத்தாது, வாரத்திற்கொருமுறை சேர்த்து அழுத்துக. மின்னழுத்தியை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சூடேற்றும் செலவு இதனால் மிஞ்சும்.

இயக்கத்தில் மின்விசிறியும் நீரிறைக்கும் இயந்திரமும் முதன்மையானவை. 75 வாற்றுக் கூரைவிசிறி இரவில் 8 மணி நேரம் சுழன்றால் மாதத்திற்கு 18 அலகு. இப்பொழுது கிடைக்கும் புதுவகை விசிறிகள் சில 30 வாற்றளவிலேயே சுழல்வன. அவற்றுக்கு 7 அலகு போதும். விலை சற்று மிகுதியாயினும், பழைய விசிறி பழுதுபட்டு மாற்ற நேரும்போது இவ்வேற்றுமையைக் கருதுதல் நன்று. கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் ஒரு குதிரை வலு இயந்திரம், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஓர் அலகை உண்ணும். ஆதலின், தொட்டி நிரம்பி வழியும் நீரும், பழுதுற்ற குழாயிற் சொட்டும் நீரும் மின்சாரமாகவே வழிந்து சொட்டுகின்றன என்றறிக.

குளிர்சாதனப் பெட்டி இரவும் பகலும் உழைப்பது. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுதலே அதன் தொழில். சூடான கறியை உள்ளே வைத்தலும், கதவைத் திறந்துவைத்து நெடுநேரம் தேடுதலும், பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தலும் அத்தொழிலைப் பெருக்கும். கதவோரத்து இறப்பர்ப் பட்டி இறுக மூடுகின்றதா என்பதை ஒரு கடதாசித்துண்டை இடையிற் செருகிச் சோதிக்கலாம். கடதாசி எளிதில் வழுக்கி வருமாயின் பட்டியை மாற்றுதல் வேண்டும்.

பட்டியலின் படிகள்

நம் நாட்டில் இல்லங்களுக்குரிய மின்கட்டணம் படிப்படியாக ஏறும் அமைப்பினது. விலைகள் அவ்வப்போது மாறுவன. அமைப்பை அறிதலே பயன் தரும். அண்மை ஆண்டுகளின் அமைப்பின்படி, மாதத்தில் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டிற்கு ஒரு விலை. 60ஐக் கடந்த வீட்டிற்கு முதல் 60 அலகுக்கும் உயர்ந்த வேறொரு விலை. அதற்குமேலும் 90, 120, 180 எனப் படிகள் உள. 65 அலகு செலவிடும் குடும்பம் ஓர் ஆறு அலகை மிச்சப்படுத்தினால், அவ்வாறு அலகின் விலையோடு எஞ்சிய அலகுகளின் விலையும் குறையும். ஓய்வூதியத்தில் வாழும் முதியோர்க்கும் அன்றாடம் உழைத்துண்போர்க்கும் இது சிறு பொருளன்று.

வீட்டுக்கு அப்பால்

1950ஆம் ஆண்டு இலக்சபானாவில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய காலந்தொட்டு மலைநாட்டு மழையே நமக்கு ஒளி தந்து வந்தது. தேவை பெருகிய பின்னர், எண்ணெயும் நுரைச்சோலையில் எரிக்கப்படும் நிலக்கரியும் பிற நாடுகளிலிருந்து வருகின்றன. வெளிநாட்டுச் செலாவணி வறண்ட 2022ஆம் ஆண்டில், ஒருநாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தமையை எவரும் மறவார். மாலை 6.30 முதல் 10.30 வரை நாட்டின் தேவை உச்சமாகும். நீரிறைத்தலையும் துணியழுத்தலையும் பகலிலே முடித்தல் நாட்டிற்குச் செய்யும் உதவியாகும்.

1990 முதற் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த விளக்கின் ஒளியிற் படித்துப் பரீட்சைகளிற் சித்தியெய்திய பழைய மாணவர் பலர் இம்மலரை வாசிப்பர். அன்று வீட்டிலிருந்த எண்ணெய் பிள்ளையின் படிப்புக்கே முதலில் ஒதுக்கப்பட்டது. ஏனைய தேவைகள் அதன் பின்னரே வந்தன. வறுமையிற் கைக்கொண்ட அவ்வரிசை முறை வசதி வந்த இக்காலத்திற்கும் உரியது. திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரம், அரசர்க்குப் பகை வலியை அறியுமாறு கூறுவதோடு, வரவுக்கேற்பச் செலவை அளந்து வாழ்தலையும் வற்புறுத்துகின்றது. தன் வலியறிதலும் அளவறிதலும் ஒன்றோடொன்று பிணைந்தன போலும்.

மாணாக்கர்க்குப் பயிற்சி

1. ஏழு நாள், ஒரே நேரத்தில், உங்கள் வீட்டு மின்மானியின் எண்ணைக் குறித்து நாட்செலவைக் காண்க.
2. கருவிகளிற் பொறித்துள்ள வாற்றளவை எழுதி, இயங்கும் மணிகளாற் பெருக்கி, மிகுதியாக உண்ணும் மூன்றைத் தெரிக.
3. அம்மூன்றின் செலவைக் குறைக்கும் வழியைப் பெற்றோரோடு கலந்து முடிவு செய்க. அடுத்த வாரம் மீண்டும் மானியைக் குறித்து ஒப்பிடுக.
4. படிக்கும் விளக்கின் மாதச் செலவைக் கணக்கிட்டுத் தந்தையாரிடம் பணிவுடன் காட்டுக.