முதுகுத் தசையில் விளைந்த தாடை

கேள்வி: முகத்தைச் சீரமைக்கத் தேவையான எலும்பையும் தசையையும் நோயாளியின் உடலுக்குள்ளேயே வளர்த்து எடுக்கிறார்களாமே! இது எங்கே தொடங்கியது?

பதில்: பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது 1990-களில் வெளியான எலியின் படம்தான். கன்றின் குருத்தெலும்புச் செல்களைக் காது வடிவ அச்சில் இட்டு, எலியின் முதுகில் தோலுக்கடியில் வளர்த்தது அமெரிக்காவின் வகான்டி குழு. ஆனால் இந்த முறையின் பிறப்பிடம் அந்த எலி அல்ல என்றே சொல்வேன். குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய்களே கிடையாது. சுற்றிலுமிருந்து கசிந்து வருவதே அதற்குப் போதும். எலும்பும் தசையும் அப்படியல்ல. நுண்குழாயிலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்கள் மூச்சுமுட்டிச் சாகும். எனவே செல்லை வளர்ப்பதைவிட அதற்கு ரத்தம் கொண்டுசேர்ப்பதே பெரிய சிக்கல். அதை முதலில் எதிர்கொண்டவர்கள் ஆய்வுக்கூடக்காரர்கள் அல்லர், அறுவை மருத்துவர்கள். மூக்கறுபட்ட ஒருவருக்குப் புனேயில் நெற்றித்தோலால் மூக்கு அமைத்த செய்தி 1794-இல் லண்டன் இதழொன்றில் வந்தது. புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை வெட்டாமல் விட்டு, அதன் வழியே ரத்தம் ஓட வைத்திருந்தார்கள். புதிய இடத்தில் மூக்கு வேர்பிடித்த பிறகே காம்பை அறுத்தார்கள். இப்படி ரத்த ஓட்டத்தோடு நகர்த்தப்படும் சதைதான் ஃபிளாப். 1979-இல் ஏரோல், ஸ்பைரா இருவரும் இன்னும் ஒரு படி போனார்கள். தமனியையும் சிரையையும் வளையமாக இணைத்தால் அதிலிருந்து புதிய நுண்குழாய்கள் கிளைக்கும் என்று விலங்குகளில் காட்டினார்கள்.

இவையெல்லாம் கூடிவந்தது ஜெர்மனியின் கீல் நகரில். புற்றுநோயால் கீழ்த்தாடையின் பெரும்பகுதியை இழந்த ஒருவருக்கு வார்ன்கே குழு செய்த சிகிச்சை 2004-இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்துத் தாடை வடிவில் டைட்டானிய வலை செய்தார்கள். அதில் எலும்புத் தாதுக் கட்டிகள், அவருடைய எலும்பு மஜ்ஜை, எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் பிஎம்பி-7 என்ற புரதம் ஆகியவற்றை நிரப்பி, முதுகுத் தசைக்குள் புதைத்தார்கள். 7 வாரம் கழித்து, விளைந்ததைத் தசையோடும் ரத்தக்குழாயோடும் எடுத்து முகத்தில் பொருத்திக் கழுத்துக் குழாய்களோடு தைத்தார்கள்.

புரதமும் மஜ்ஜையும் இல்லாமல் எலும்பு விளைந்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் புரதங்களைத் தேடும் வழியைத் திறந்த மார்ஷல் யூரிஸ்ட், 1965-இல் கண்டதும் விலங்குகளின் தசைக்குள் எலும்பு உருவானதைத்தான். அந்த விதைக்கும் ரத்தம் பாயும் நிலம் வேண்டியிருந்தது.

காலின் ஃபிபுலா எலும்பை வெட்டித் தாடையாக்கலாமே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. பெரும்பாலோருக்கு இன்றும் அதுதான் சரியான வழி. கீல் நோயாளியோ ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துவந்தவர். எலும்பை வெட்டியெடுத்தால் ரத்தப்போக்கு ஏற்படும் என அஞ்சினார்கள். சதை கொடுக்கும் இடத்தில் புதுப் புண் உண்டாவதுதான் ஃபிளாப்பின் பழைய குறை. அதைக் குறைக்கிறது என்பதாலேயே இந்த முயற்சியை நான் மதிக்கிறேன். முழு வெற்றி இன்னும் தொலைவில். மெல்போர்னில் மார்பகச் சீரமைப்புக்காக உடலுக்குள் வைத்த ஒரு கூட்டுக்குள் கொழுப்பை வளர்க்க 5 பெண்களிடம் முயன்றார்கள். 2016-இல் வெளியான முடிவுப்படி, அவர்களில் ஒருவரிடம்தான் அது போதிய அளவு வளர்ந்தது.