ஆணி டின்னை ஒரு நாள் கொட்டிப் பாருங்கள்



இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, டிங்கி என்று எழுதி வந்த டிரசர், இந்த மாதம் ஆணி, ஸ்குரூ, போல்ட்டு, நட்டு என்று ஆரம்பிக்கிறாரே, செமோர் பட்டணத்தில் இரும்புச் சாமான் கடை வைக்கப் போகிறாரா என்று சிலர் கேட்கக்கூடும். அப்படி ஒன்றும் இல்லை. டிஸ்பென்சரிக்குக் கட்டுப் போட வருகிறவர்களில் வேலைக்காட்டில் அடிபட்டவர்கள் ஒரு பக்கம் என்றால், சொந்த வீட்டுப் பின்கட்டில் அடிபட்டவர்கள் இன்னொரு பக்கம். "எப்படி ஆச்சு?" என்று கேட்டால், "ஒரு ஸ்குரூ தேடி டின்னுக்குள்ள கைய விட்டேன் சார், பிளேடு கிழிச்சிடுச்சு" என்பார்கள். ஆகவே அந்த டின்னைப் பற்றி எழுதுவது டிரசரின் வேலைதான்.

நம்மவர் வீடுகளில் ஆணி டின் இல்லாத வீடு கிடையாது. பழைய மைலோ டின்னோ, பெருநாளுக்கு வாங்கிய பிஸ்கட் டின்னோ ஒன்று இருக்கும். உள்ளே வளைந்த ஆணி, பால் மங்குக் கம்பி, கப்சாயில் கழற்றிய பிளக், வாஷர், பல்பு ஹோல்டர், பாதி பிளேடு, செத்த பேட்டரி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி எல்லாம் கிடக்கும். எப்போதாவது உதவும் என்று எடுத்து வைத்தவை. அதை நான் குறை சொல்லவில்லை. ஓர் ஆணியைக்கூட வீசாமல் தட்டி நிமிர்த்தி வைத்த பெரியவர்கள் வளர்த்த பிள்ளைகள் நாம். வைப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரே டின்னில் வைப்பதுதான் ஆபத்து.

முன்பெல்லாம் இந்த ஆபத்து கொஞ்சம் தூரத்தில் இருந்தது. தோட்டத்துச் சாமான்கள் தோட்டத்து ஸ்டோரில் இருந்தன. விஷ மருந்துக்குத் தனி அறை, அதற்குத் தனிப் பூட்டு, ஸ்டோர் கிராணியிடம் கணக்குப் புத்தகம். லயன் வீட்டில் இருந்தவர்களுக்கும் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. இன்றைக்குச் செமோர், கந்தான், தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்தில் பால் மரம் நின்ற இடங்கள் பலவும் தாமான்களாகிவிட்டன. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் ஸ்பானரையும் சுத்தியலையும் கூடவே கொண்டு வந்தார்கள். பக்க வேலையாக மோட்டார் சைக்கிள் ரிப்பேர், தண்ணீர்க்குழாய் வேலை, வெல்டிங் செய்து குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தாமான் வீட்டில் பட்டறைக்கு என்று தனி இடம் ஏது? சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் பட்டறை, பட்டறைக்குப் பக்கத்தில் பிள்ளை தவழும் இடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அந்த டின்னைக் கொட்டிப் பாருங்கள். பழைய செய்தித்தாளை விரித்து, தடித்த கையுறை போட்டுக்கொண்டு கொட்டுங்கள். கையால் கிளறாதீர்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மேலே ஓட்டினால் இரும்பெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். பையைத் திருப்பி உதறினால் தனியாக விழும். மிச்சம் கிடப்பது பித்தளை, பிளாஸ்டிக், ரப்பர். (பிளேடும், அநேக பேட்டரிகளும் காந்தத்தில் ஒட்டும். அதனால் அந்தக் குவியலையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க வேண்டும்.)

கடைக்காரர் அளவு பார்த்துப் பிரிப்பார், ஒன்றரை இஞ்சி, இரண்டு இஞ்சி என்று. நாம் அதற்கு முன்னால் வேறொரு கேள்வி கேட்க வேண்டும். இந்தச் சாமான் ஒரு மனித உடம்புக்குள் எந்த வழியாகப் போகும்? வாய் வழியாகவா, தோலைக் குத்தியா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் எதை எந்த உயரத்தில், எந்தப் பூட்டுக்குள் வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அளவு பார்ப்பது அதற்குப் பிறகு.

முதலில் தனியாக எடுக்க வேண்டியது பொத்தான் மாதிரி இருக்கும் வட்ட பேட்டரி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் தாய்மார்களில் பலருக்கு இது இன்னும் தெரியாது. கேட் ரிமோட், நிறை பார்க்கும் தராசு, பாட்டுப் பாடும் பொம்மை, தீபாவளிக்கு வாங்கும் பேட்டரி அகல் விளக்கு என்று பல சாமான்களில் இது இருக்கிறது. அதிகம் கிடைக்கும் சி.ஆர். 2032 என்னும் வகை 20 மில்லிமீட்டர் அகலம், ஏறக்குறைய நம்முடைய 20 காசு நாணயம் அளவு. அந்த அளவுதான் வினை. சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் அது சரியாக மாட்டிக்கொள்ளும். மாட்டிய இடத்தில் ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடும். அதனால் கடுமையான காரம் உண்டாகி, குழாயின் சதையை அரிக்கும். 2 மணி நேரத்திற்குள் பெரிய புண்ணாகிவிடலாம். பிறகு ஓட்டை விழுந்து, பக்கத்தில் ஓடும் பெரிய இரத்தக் குழாய்வரை அரித்து, பிள்ளை இறந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. இதற்காகவே அமெரிக்காவில் 2022-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, இந்த பேட்டரி போடும் மூடி சின்னப் பிள்ளையால் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள்.

"அது செத்த பேட்டரி, ஒண்ணும் செய்யாது" என்று நினைக்காதீர்கள். ரிமோட்டை இயக்கச் சக்தி இல்லாமல் போன பேட்டரிக்குச் சதையைச் சுடச் சக்தி மிச்சம் இருக்கும். ஆணி டின்னில் நாம் போட்டு வைப்பது பெரும்பாலும் இந்தச் செத்த பேட்டரியைத்தான். கழற்றியவுடன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு அலமாரியில் பூட்டுங்கள். கைநிறையச் சேர்ந்ததும் மின்சாதனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

பிள்ளை விழுங்கியதை யாரும் பார்க்காமலும் இருக்கலாம். எச்சில் ஒழுகுதல், சாப்பாடு இறங்காமை, இருமல், வாந்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதல் ஆகியவை அறிகுறிகள். சில பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றுமே தெரியாது. சந்தேகம் என்றால்கூடக் காத்திருக்கக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் ஊட்டி உள்ளே தள்ளாதீர்கள். நேராக ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், இல்லையேல் 999-ஐ அழையுங்கள். பேட்டரி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது நாணயம் போலவே தெரியும். நாணயத்துக்குக் காத்திருக்கலாம், பேட்டரிக்குக் காத்திருக்க முடியாது. அதே வகைப் புது பேட்டரியோ பாக்கெட்டோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாக இருந்து, விழுங்கி 12 மணி நேரத்திற்குள் என்றால், வழியில் தேன் கொடுக்கலாம் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி, ஆறு தடவைவரை. தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து காரத்தைக் கொஞ்சம் தணிக்கும். பிள்ளை விழுங்க முடியாமல் திணறினால் தேனும் வேண்டாம். வீட்டில் தேன் இல்லாவிட்டால் கடை தேடி அலைய வேண்டாம், கிளம்புங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது. மூக்கிலோ காதிலோ இந்த பேட்டரியை நுழைத்துக்கொண்டாலும் இதே அவசரந்தான், சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள்.

பேட்டரியோடு சேர்த்துப் பூட்ட வேண்டிய இன்னொன்று, பழைய பொம்மையிலும் மின்சாதனங்களிலும் இருந்து கழற்றிய குட்டிக் காந்தங்கள். ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டு விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இரண்டு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் நசுங்கிய குடல் ஓட்டையாகும்.

அடுத்து, குத்துகிற சாமான்கள். துருப்பிடித்த ஆணி குத்தினால் இரண ஜன்னி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் துருவினால் அது வருவதில்லை. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. பளபளவென்று புதிதாக வாங்கிய ஆணியும் மண்ணில் கிடந்து குத்தினால் வரும். ஆழமான, வாய் சிறுத்த காயத்தில் காற்றுப் படாமல் அது வளரும். பெரும்பாலும் 3 நாள் முதல் 21 நாளுக்குள் தாடை இறுகுவதில் ஆரம்பிக்கும். ஆணி குத்தினால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கோப்பித் தூள், மஞ்சள், மண்ணெண்ணெய், கறுப்பு எண்ணெய் எதையும் அப்பாதீர்கள். செருப்பால் காயத்தின் மேல் அடித்துக் கெட்ட இரத்தம் எடுப்பது சிலர் வழக்கம், அதையும் விடுங்கள். ரப்பர் செருப்பைத் துளைத்துக் குத்திய ஆணி என்றால் செருப்பின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம், காட்டிவிட்டுப் போங்கள். பெரிய இரும்பு ஆழமாக ஏறி நின்றால் பிடுங்காமல் அப்படியே வாருங்கள்.

இனிப்புநீர்க்காரர்களுக்கு இதில் இரட்டைக் கவனம் வேண்டும். நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதாக 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. நோய் முற்றிய காலில் உணர்ச்சி குறைந்துவிடும். பட்டறைத் தரையில் கிடந்த சின்ன ஸ்குரூ பாதத்தில் ஏறி நிற்கும், அவருக்குத் தெரியாது. சாக்ஸில் இரத்தம் பார்த்து மனைவி சொல்லித்தான் தெரிய வரும். அப்படிப்பட்டவர் பட்டறையில் மூடிய சப்பாத்து போட வேண்டும். போடுவதற்கு முன் தலைகீழாகத் தட்ட வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் ஒரு சுற்று இழுத்துவிட்டால் கீழே விழுந்த இரும்பெல்லாம் வந்துவிடும்.

சரி, எதில் வைப்பது? உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் ஜாடி போதும். கடலை வெண்ணெய் ஜாடி, ஊறுகாய் ஜாடி எதுவானாலும் சரி, லேபிளைச் சுரண்டி எடுங்கள். கண்ணாடி ஜாடி வேண்டாம், நழுவினால் ஆணியோடு கண்ணாடியும் சேரும். மிட்டாய் ஜாடி, பிஸ்கட் டின் ஆகியவற்றை வைத்துக்கொள்ளவே வேண்டாம். பிள்ளைக்கு அந்த டின்னின் படம் தெரியும். உள்ளே தின்பண்டம் என்றுதான் கையை விடும். பழைய மெக்கானிக்குகள் செய்வது போல, ஜாடியின் மூடியைப் பலகையின் அடிப்பக்கத்தில் ஸ்குரூ அடித்துப் பொருத்திவிட்டு, ஜாடியைக் கீழிருந்து திருகி மாட்டலாம். மூடிக்கு இரண்டு ஸ்குரூ போடுங்கள், ஒன்று போட்டால் ஜாடியோடு மூடியும் சுற்றும். பலகை உங்கள் தலைக்கு மேல் உயரத்தில் இருக்கட்டும். ஆனால் கனமான போல்ட்டு ஜாடியை அங்கே தொங்கவிடாதீர்கள். அது கீழ்த்தட்டில், முன்னால் தடுப்புச் சட்டம் அடித்த அலமாரியில் இருக்க வேண்டும். பிளேடுக்கு மட்டும், மூடியில் கீறல் விட்ட தனி டப்பா. உள்ளே போன பிளேடு மறுபடி வெளியே வரக் கூடாது.

மோட்டார் சைக்கிள் சாமான்களை வீட்டு ஆணிகளோடு கலக்காதீர்கள். கப்சாயில் நாம் தினம் தொடுவது 8, 10, 12, 14 நம்பர் ஸ்பானர்தான். அந்த நான்குக்கும் நான்கு ஜாடி வைத்தால் பாதி வேலை முடிந்தது. பிரேக்கில் இருந்து கழற்றிய நட்டு, ஸ்பிலிட் பின் இவற்றை மட்டும் எந்த ஜாடியிலும் போடாமல், அந்த வண்டியின் பெயர் எழுதிய உறையில் போட்டு வண்டியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். "இருக்கிறதைப் போடு" என்று ஏதோ ஒரு நட்டை முறுக்கிய பிரேக், கந்தான் மலைப் பக்கம் லாரிக்குப் பின்னால் போகும்போது நம்மைக் கைவிட்டுவிடும்.

தண்ணீராக உள்ள சாமானை நான் கடைசிக்கு வைத்தேன், ஆனால் அதுதான் ஆளைக் கொல்வதில் முதலாவது. தின்னர், பெட்ரோல், பேட்டரி ஆசிட், ரப்பர்ப்பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட், புல் மருந்து எதுவானாலும் வாங்கிய போத்தலிலேயே, லேபிளோடு, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். ஆரஞ்சுத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் தோட்டத்தில் எத்தனை வீட்டை அழ வைத்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். பாராகுவாட் புல் மருந்தை 2002-இல் தடை செய்து, 2006-இல் தடையைத் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் மறுபடி தடை செய்தார்கள். அதன் மிச்சம் யார் வீட்டுப் பரணிலாவது இன்னும் இருக்கலாம். ஒரு வாய் போதும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. அப்படி ஒரு போத்தல் கண்ணில் பட்டால் சாக்கடையில் ஊற்றாமல், மூடியைத் திறக்காமல், விவசாய இலாகாவிடம் கேட்டு ஒப்படையுங்கள். இந்தத் தண்ணீர்களில் எதை யார் குடித்துவிட்டாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் திரும்பி வரும்போது மறுபடி சுடும். பெட்ரோலும் தின்னரும் நுரையீரலுக்குள் போய்விடும். போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காலியான டின்களை வெளியே வீசாமல் நசுக்கிப் போடுங்கள். மழைத்தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கொட்டிப் பார்க்கும் அன்றைக்கு வீட்டில் உள்ளவர்களின் தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு 7 வயதிலும் 15 வயதிலும் இரண ஜன்னி ஊசி பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். அதற்குப் பிறகு நாம் யாரும் அதை நினைப்பதில்லை. கடைசி ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் மறுபடி ஒன்று போட வேண்டும். அழுக்கான, ஆழமான காயம் என்றால் ஐந்து வருஷம் ஆகியிருந்தாலே போட வேண்டும். எப்போது போட்டீர்கள் என்று ஞாபகம் இல்லாதவர்கள், குறிப்பாக அறுபது தாண்டிய அண்ணன்மார்கள், அக்காமார்கள், ஆணி குத்தும்வரை காத்திராமல் அரசாங்க கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.