மருந்து அலமாரியும் வீட்டுச் சுவரும்

சிகிச்சை முடிந்து நோயாளி வீடு திரும்பும்முன், கட்டிலுக்கு அருகில் ஓர் அலமாரியைச் சுவரில் பொருத்திவைக்கக் குடும்பத்தார் பலரும் விரும்புகின்றனர். மருந்துகளும் கட்டுத்துணிகளும் இரத்த அழுத்தமானியும் ஒரே இடத்தில் இருப்பது நன்றே. ஆயினும், நிலைதடுமாறும் ஒருவர் கைக்கு எட்டியதைப் பற்றிக்கொள்வது இயல்பு. பற்றிய அலமாரி பெயர்ந்து விழுமானால், தேறிவந்த உடல் மீண்டும் மருத்துவமனைக்கே திரும்ப நேரிடும். ஆகவே, பொருத்தும்முன் சுவரின் தன்மையை அறியுமாறு வேண்டுகிறோம்.

சுவரை அறிவது எவ்வாறு?

மறைவான ஓரிடத்தில் சிறு துளையிட்டுப் பாருங்கள். பூச்சைக் கடந்தபின் செந்நிறத் தூள் வந்தால் அது செங்கல். துளைக்கும் கருவி திணறிச் சாம்பல்நிறத் தூள் வந்தால் கான்கிரீட். வெளிர்நிறத் தூளுடன் எளிதாக உள்ளே இறங்கினால் ஏ.ஏ.சி. எனப்படும் இலகுக் கட்டி. கையால் தட்டும்போதே உள்ளீடற்ற ஒலி எழுந்தால் ஜிப்சம் பலகைத் தடுப்பு.

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட தடித்த சுவர்களைக் காணலாம். அவற்றின் சாந்து மென்மையானது. கருவியைச் சுத்தியல் இயக்கத்தில் வைத்தால் பூச்சு பெயர்ந்து துளை அகன்றுவிடும். அவ்வியக்கத்தை நிறுத்திவிட்டு, இரு கற்களின் இணைப்பைத் தவிர்த்து, கல்லின் நடுவில் மெதுவாகத் துளையிட வேண்டும். சுவரிலேயே கதவிட்ட அலமாரியோ மாடமோ அமைந்த வீடாயின், புதிதாக ஒன்றைத் தொங்கவிடாமல் அதையே மருந்துக்கு ஒதுக்குவது சாலச் சிறந்தது.

1920களில் உருவான தியாகராய நகரில் இன்று தனி வீடுகளின் இடத்தில் அடுக்ககங்கள் பல எழுந்துள்ளன. அவற்றில் கான்கிரீட் தூண்களுக்கிடையே செங்கல் சுவர் எழுப்பியிருப்பர். 9 அங்குலச் சுவர் எடையை நன்கு தாங்கும். 4½ அங்குலத் தடுப்புச் சுவரில் சிறிய அலமாரியே தகும். துளை மறுபக்கம் வரை செல்லாதவாறு ஆழத்தை முன்னரே குறித்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டில் துளையிடும்போது கம்பி தட்டினால், அதை வெட்டாமல் இடத்தை மாற்றுங்கள்.

அடையாற்றிலும் பிற பகுதிகளிலும் எழும் புதிய அடுக்ககங்கள் சிலவற்றில் இலகுக் கட்டிகள் பயன்படுகின்றன. இவற்றில் வழக்கமான பிளக் விரைவில் தளர்ந்துவிடும். அவற்றுக்கென்றே விற்கப்படும் பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும். ஜிப்சம் பலகையில், பின்னாலுள்ள உலோகச் சட்டத்தைக் கண்டறிந்து அதிலேயே திருகாணியை முடுக்க வேண்டும். இயலாவிடில் தரையில் நிற்கும் அலமாரியே பாதுகாப்பானது. அதன் மேற்பகுதியையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். 2016-இல் அமெரிக்காவில், குழந்தைகள் மீது சாய்ந்து உயிர்ப்பலி நேர்ந்ததையடுத்து, ஏறத்தாழ 2.9 கோடி இழுப்பறைப் பெட்டிகள் திரும்பப்பெறப்பட்டன என்பதை இங்கு நினைவூட்டுகிறோம்.

பொருத்தும்போது

சுவிட்ச் பலகைக்கு நேர்மேலும் நேர்கீழும் மின்கம்பிகள் செல்லக்கூடும். அவ்வரிசையையும் குழாய்கள் செல்லும் சுவரையும் தவிருங்கள். மின்கம்பி செல்லும் இடம் ஐயத்திற்குரியதாயின், அவ்வறையின் மின்சாரத்தை நிறுத்தி, மின்கலத்தால் இயங்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். பிளக்கின் பிடிப்பு பூச்சில் அன்றிக் கல்லில் அமைய வேண்டும். துளையிலுள்ள தூளை நீக்கிய பின்னரே பிளக்கைச் செருகுங்கள். ரசமட்டம் வைத்துச் சமன்பாருங்கள். கடற்காற்று படும் வீடுகளில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே ஏற்றது.

துளையிடும் தூசு ஆஸ்துமா நோயாளிக்கும் ஆறாத புண்ணுடையவருக்கும் தீங்கு தரும். எனவே, நோயாளி வீடு திரும்பும்முன்பே இவ்வேலையை முடித்து, அறையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

தலைமாட்டுக்கு மேல் அலமாரி வேண்டா. நோயாளியே மருந்தை எடுப்பவராயின், இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம் பொருத்தமானது. குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டு இன்றியமையாதது. அடுப்பின் வெப்பமும் குளியலறையின் ஈரமும் மருந்தைக் கெடுக்கும்.

பொருத்திய பின்

இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்று ஏறக்குறைய 2 கிலோ எடையுடையது. வைக்கவிருக்கும் பொருள்களைவிடச் சற்று மிகுதியான எடைக்குப் புட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். சுவருக்கும் அலமாரிக்கும் இடையே மயிரிழை இடைவெளி தோன்றினாலும் இறக்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறக்கூடும். மழைக்காலம் முடிந்ததும் மீண்டும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.

இவ்வளவு செய்தபின்னும் அலமாரி ஊன்றுகோல் ஆகாது. எழுந்து நடக்கப் பிடிமானம் தேவைப்படுவோர்க்குக் கைப்பிடிக் கம்பியைத் தனியே, கான்கிரீட்டிலோ திண்ணிய செங்கல் சுவரிலோ, அனுபவமுள்ள பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். அதன் இடத்தையும் உயரத்தையும் வீடு திரும்பும்முன் எங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். அறையின் புகைப்படத்தையும் அளவுகளையும் கொண்டுவந்தால், நோயாளியின் நடைக்கேற்பக் குறித்துத் தருவோம்.