நீர்ப்பந்தாட்டம் கற்பிக்கும் பாடம்

1954 இற் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியையும், 1971 இல் அதனை இருவழியும் நீந்திய ஆனந்தனையும் நாம் போற்றுகின்றோம். அவை தனியொருவர் வீரம். பலர் கூடி நீந்தும் வீரமும் உண்டு. அதுவே ‘வாட்டர் போலோ’ எனும் நீர்ப்பந்தாட்டம்.

1951 இற் புதுடில்லியில் நிகழ்ந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய அணி இவ்வாட்டத்திற் பொற்பதக்கம் வென்றது. அவ்விழாவிலே 100 மீற்றர் நீச்சலில் முதல்வரான சச்சின் நாகும் இதில் எழுவருள் ஒருவராகவே ஆடினார்.

கோல் காப்பவர் ஒழிந்த ஏனையோர் அடித்தரையிற் காலூன்றலாகாது. ஒரு கையாலேயே பந்தைப் பற்றுதல் வேண்டும். ஆதலின், பந்தைத் தன்னிடமே வைத்திருப்பவன் தளர்வான். தோழனுக்கு ஈபவன் அணியை உயர்த்துவான்.

மாணவர்காள்! கடல் சூழ்ந்த குடாநாட்டில் வாழும் நாம் நீந்தக் கல்லாதிருத்தல் உயிருக்கே இடராகும். முதலில் நீந்தப் பயில்வோம். பின்னர்க் கூடி ஆடுவோம்.